ஜூன் ஒன்றில் பிறந்த இருபத்தேழு பேர்

அத்தியாயம் 17

தங்கச்சிக்குத் தன் குண்டிக்காயில் ஒன்றைக் கொடுப்பது என்று வீரணன் முடிவெடுத்து நாலு மாதமாகிவிட்டது. டாக்டர்கள் அதைச் சிறுநீரகம் என்பார்கள். பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு அது குண்டிக்காய்தான். ஆட்டுக்கும் அதே பேர், ஆளுக்கும் அதே பேர்.

லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கச்செல்விக்கு இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடக்கிறாள். அண்ணனுடையது பொருந்தும் என்று மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லியாயிற்று. பொருந்தாமல் போனது பாஸ்போர்ட். இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் பிறந்த தேதி 1.6.1961.

"ரெட்டைப் பிள்ளைகளா?" என்று மெட்ராஸ் விசா ஆபீஸில் கேட்டார்கள்.

"இல்லைங்க. எனக்கு மூணு வயசு எளையவ" என்று உள்ளதைச் சொன்னான் வீரணன். தேதி எப்படி அப்படி ஆனது என்று சொல்ல வாயெடுத்தான். கேட்டதற்கு மட்டும் பதில் போதும் என்று மொழிபெயர்த்தவர் கையைக் காட்டிவிட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நீங்கள் அவருடைய உடன்பிறந்தவர் என்பதில் எங்களுக்குத் திருப்தி இல்லை, ஆகவே விசா இல்லை.

கடிதம் சொல்லாமல் விட்டதை ஊர் சொன்னது. இல்லாதவர்கள் குண்டிக்காயை விற்கிற சங்கதி அந்த வருடங்களில் பத்திரிகை பூராவும் அடிபட்டது. இவனும் அண்ணன் வேஷம் கட்டி விற்கப் போகிறவன் என்று ஆபீசர் நினைத்திருக்கிறார். "எம்புட்டுக்குலே பேசியிருக்க?" என்று டீக்கடையில் சிரித்தவனை வீரணன் கன்னத்தில் அறைந்ததும், அதனால் மூன்று நாள் லோடு வேலை கிடைக்காமல் போனதும் போன வாரம் நாம் பார்த்ததுதான்.

அப்பீல் செய்யவும் வழி இல்லை. சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இருந்த அந்த உரிமையை இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்துச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். மறுபடி ரத்தம் எடுத்து, அண்ணன்தான் என்று அவர்கள் சொல்கிற டாக்டர் மூலம் நிரூபிக்கலாம். அதற்கு ஐந்தாறு மாதம் ஆகும். தங்கச்செல்வியின் உடம்பில் குழாய் செருகிய இடம் இரண்டு தடவை சீழ் வைத்துவிட்டது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று அவள் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அவள் புருஷன் அசோக் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து லண்டன் கோர்ட்டில் மனுப் போட்டான். நீதிமன்ற மறுஆய்வு.

"கோர்ட்டு ஒங்களுக்கு விசா குடுக்காது மச்சான்" என்று போனில் விளக்கினான். "நீங்க அண்ணனா இல்லையான்னும் பாக்காது. அந்த ஆபீசர் முடிவெடுத்த மொறை சரியான்னு மட்டுந்தான் பாக்கும். சந்தேகம் வந்தா ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்காம முடிவெழுதிட்டாரு. நம்ம கேசே அது ஒண்ணுதான்."

இன்று வியாழக்கிழமை. லண்டனில் காலை பத்தரைக்கு, நமக்குப் பகல் மூன்று மணிக்கு, மனுவை ஏற்பதா தள்ளுவதா என்று நீதிபதி முடிவு செய்கிறார். கேட்டிருந்தால் வீரணனிடம் பதில் இருந்தது என்று காட்ட இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டின் பக்கம். அண்ணனும் தங்கையும் படித்த சுள்ளங்குடி பள்ளியில் இப்போது தலைமையாசிரியையாக இருக்கும் கிருஷ்ணப்ரியா, நேற்றுப் பதிவேட்டைத் தானே சுமந்துகொண்டு நரிக்குடிக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது காகிதத்தைக் கொடுக்க வேண்டியவர் அந்தப் பக்கத்தைத் தன் கையால் எழுதியவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சௌந்தரபாண்டியன். திருச்சுழியில் இருக்கிறார்.

அவர் முடியாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

* * *

"நானும் வாரேன்" என்றாள் பேச்சி.

விடிந்தும் விடியாததுமாகப் பந்தல்குடி நிறுத்தத்தில் நின்றார்கள். தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வீரணனைத் தெரிந்த டிரைவர் ஒருவன் ஹார்ன் அடித்துக் கையாட்டினான்.

"நீ எதுக்கு? மூட்டத்துல கரி அள்ளுற வேலை கெடக்குல்ல?"

"கரி எங்கயும் ஓடிப் போயிராது. நீங்க ரெண்டு தடவ போயி தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னுட்டு வந்தீக. இன்னைக்கு நான் பேசுறேன்."

பேச்சி வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். வீரணனுக்கு அத்தை மகள். பதினான்கு வருடக் குடித்தனத்தில் வேலை வேண்டுமென்று கேட்டு யாரிடமும் தலையைச் சொறிந்ததில்லை.

அருப்புக்கோட்டையில் இறங்கித் திருச்சுழி பஸ் ஏறினார்கள். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். ஆடிக் காற்றில் மண் பறந்து ஜன்னல் வழியே மூஞ்சியில் அடித்தது.

"ஆப்பரேசன் முடிஞ்சா எம்புட்டு நாளைக்கு மூட்டை தூக்கக் கூடாதாம்?" என்று பேச்சி கேட்டாள்.

"மூணு மாசம்னாக."

"அதுக்கப்பறம்?"

வீரணன் வெளியே பார்த்தான். "பாத்துக்கிடலாம்."

அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், மண்ணுக்கு.

* * *

சௌந்தரபாண்டியன் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பேப்பரை மடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"ஏலே வீரணா, மாட்டேன்னு சொல்லிவிட்டேன்ல?"

"சார், இன்னைக்குத்தேன் சார் கேசு. மூணு மணிக்கு..."

"நான் எழுதுனது பொய்யின்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். அதான?"

"பொய்யின்னு இல்ல சார்."

"பின்னே நெசமா?" பேப்பர் இறங்கியது. "முப்பத்துநாலு வருசம் சர்வீஸ். ஒரு மெமோ வாங்குனதில்ல. இன்ஸ்பெக்டர் வந்தா என் ரிஜிஸ்டரத்தான் மத்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிக் காட்டுவாரு. இப்பக் கடைசியில நான் வெள்ளக்காரன் கோர்ட்டுல பொய்க் கணக்கு எழுதுன வாத்தியாரு. நல்லாருக்குடா."

வீரணன் தலையைச் சொறிந்தான். பேச்சி அவன் கையைத் தட்டிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏன் சார் அப்படி எழுதுனீக? அத மட்டும் சொல்லுங்க. கோர்ட்டுக்கு வேணாம், எனக்குச் சொல்லுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன் அப்பன்கிட்டப் புள்ள எப்பப் பொறந்தான்னு கேட்டேன். மழை பேஞ்ச வருசம்னான். எந்த வருசம்னேன். கம்பு நல்லா வெளஞ்ச வருசம்னான். அத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடம் தொறக்குற நாளு. அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். அன்னைக்கு அஞ்சு முடிஞ்சதாப் போட்டேன். ஊரு பூராவும் அப்படித்தான் போட்டேன். எல்லா ஊருலயும் அப்படித்தான் போட்டாக."

"இவுகளுக்கு அப்ப எட்டு வயசு சார்."

"எட்டுதான். எட்டுன்னு எழுதுனா மூணு வருசமா ஏன் சேக்கலன்னு என்னையத்தான் கேப்பாக. ஆடு மேய்க்கிறவன எங்க போயித் தேடிப் புடிக்க?"

"பின்னே எப்படிச் சேத்தீக?"

சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது.

"அந்தப் பொட்டப் புள்ள" என்றார். "பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னுக்கிட்டு உள்ள வர மாட்டேங்குது. அண்ணன் வந்தாத்தான் வருவேங்குது. ரெண்டு நாளு அழுகை. மூணா நாளு நானே கம்மாய்க்கரைக்குப் போயி இவனப் புடிச்சாந்து அது பக்கத்துல ஒக்கார வச்சேன். ஆட்ட யாரு பாக்குறதுன்னு இவன் அப்பன் கம்ப எடுத்துக்கிட்டு வந்தான்."

"எனக்கு நெனவிருக்கு சார்" என்றான் வீரணன்.

"நீ ஒண்ணும் படிக்கல. அவளுக்குத் தொணைக்கு ஒக்காந்திருந்த. அஞ்சாப்போட நின்னுட்ட. அவ மேல போயிட்டா."

உள்ளே தாளிக்கிற சத்தம் கேட்டது. பேச்சி வீரணன் மடியில் இருந்த உறையிலிருந்து ஜெராக்ஸ் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

முப்பத்தொரு வரி. நாலு பேர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு வேறு தேதி. மற்ற இருபத்தேழு பேருக்கும் 1.6.1961. தேதிக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே எண், ஒரே மை, ஒரே சாய்வு. பத்தொன்பதாவது வரியில் வீரணன். இருபதாவது வரியில் தங்கச்செல்வி. தகப்பன் பேர் ஒன்று.

"இதப் பாத்தா எவருக்கும் வெளங்கிரும் சார். இவுக சொன்னா நம்ப மாட்டாக. எழுதுனவுக சொன்னா நம்புவாக."

அவர் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போய் ஒரு பெயரில் நிறுத்தினார்.

"இந்தா, ராமசுப்பு. சர்க்கார் வேலையில இருக்கான். நெசத்துல இவனுக்கு நாலு வயசு கூட. தேதி தப்புன்னு என் கையெழுத்தோட காகிதம் வெளிய போனா, அவன் வேலைக்கு நான் ஒல வச்ச மாதிரி. இதுல இன்னும் மூணு பேரு உத்தியோகத்துல இருக்கானுக. போன வாரம் ராமசுப்பு இங்க வந்து ஒக்காந்துட்டுப் போறான். 'சார், எம் புள்ளைக படிக்குதுக'ங்குறான். ஒரு புள்ளைய வாழவைக்க நாலு புள்ளைக வயித்துல அடிக்கவா?"

இதுதான் விஷயம். இரண்டு தடவை வீரணனிடம் அவர் சொல்லாதது இது. மெமோ, சர்வீஸ் எல்லாம் மேல்பூச்சு.

ராமசுப்பு வீரணனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். கூடச் சேர்ந்து கம்மாயில் கெண்டை பிடித்தவன். அவன் பிள்ளைகளை வீரணனுக்குத் தெரியும்.

"சார், அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க" என்றாள் பேச்சி.

"எதுக்கு?"

வாங்கி, படித்து முடித்த பக்கமாகப் பார்த்து நீளவாக்கில் ஒரு துண்டு கிழித்தாள். ஜெராக்ஸின் மேல் பெயர்க் கட்டத்தை மறைத்து வைத்தாள். கறுத்த நகத்தால் அதில் ஒரு கோடு கீறி, பத்தொன்பது இருபது இரண்டு வரிக்கு மட்டும் ஜன்னல் மாதிரி பிய்த்தாள். தகப்பன் பேர்க் கட்டத்துக்கும் அப்படியே இன்னொரு துண்டு.

"இப்படி வச்சு மறுபடி ஜெராக்ஸ் எடுத்தா? பேரு தெரியாது. தேதி தெரியும். வெள்ளக்காரருக்கு ராமசுப்பு எதுக்கு? இருபத்தேழு பேரு ஒரே நாளுல பொறந்தாகன்னு தெரிஞ்சாப் போதும்ல?"

சௌந்தரபாண்டியன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"காகிதத்துலயும் எந்தப் பேரும் எழுத வேணாம் சார். இவுக ரெண்டு பேரோடது மட்டும் சொல்லுங்க. மத்தது அந்தக் கால வழக்கம்னு சொல்லுங்க."

அப்போது சமையல்கட்டிலிருந்து சார் வீட்டம்மாவின் குரல் வந்தது.

"ஏ தாயி, சாரோட பொறந்தநாளு என்னைக்குன்னு கேளு."

"நீ சும்மா கெட" என்றார் சார்.

"ஜூன் ஒண்ணுதேன்! அவுக வாத்தியாரு போட்டது. அம்பத்தெட்டுல ரிட்டயர் ஆனாகளாம். நெசத்துக்கு அறுவது. எங்க மாமியா சாகுற வரைக்கும் சிரிச்சாக."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். வீரணன் தரையைப் பார்த்தான். சார் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"டைப் அடிச்சத நான் வாசிச்சுப் பாப்பேன். இங்கிலீசு தப்பா இருந்தா போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

* * *

சொன்னபடி செய்தார்.

அருப்புக்கோட்டையில் நோட்டரி வக்கீல் உதயகுமார் ஆபீஸில் டைப்ரைட்டர் மூன்று தடவை ஓடியது. முதல் தடவை 'பொய்யான தேதி' என்று வந்திருந்தது. அடித்துவிட்டு 'அக்கால வழக்கப்படி உத்தேசமான தேதி' என்று போடச் சொன்னார். இரண்டாம் தடவை ஒரு கமாவுக்குச் சண்டை போட்டார்.

"சார், மணி ஒண்ணு ஆயிருச்சு" என்றான் வீரணன்.

"லண்டன் ஜட்ஜு வாசிக்கப் போறாரு. கமா இல்லாம அனுப்பச் சொல்றியா?"

உதயகுமார் சிரித்துக்கொண்டே மூன்றாம் தடவை மாட்டினார். பத்திரத்தில் அண்ணன் வந்தால்தான் வருவேன் என்று வாசலில் அழுத தங்கை இருந்தாள். கம்மாய்க்கரையிலிருந்து பிடித்து வந்த எட்டு வயது அண்ணன் இருந்தான். ராமசுப்பு இல்லை.

வீரணனும் தன் பங்குக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். விசா ஆபீஸில் என்ன சொல்ல வந்தான், யார் கையைக் காட்டினார்கள் என்பது அதில் இருந்தது. துண்டு வைத்து எடுத்த புது ஜெராக்ஸின் கீழ், மற்ற மாணவர் பெயர்கள் அவர்கள் நலன் கருதி மறைக்கப்பட்டுள்ளன என்று உதயகுமார் எழுதி முத்திரை குத்தினார்.

மணி ஒன்று நாற்பது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முகம்மது ரபீக்கின் கடை. எஸ்டிடி, ஐஎஸ்டி, ஜெராக்ஸ், ஃபேக்ஸ். ரபீக் வீரசோழன்காரர், பதினோரு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. இவர்கள் உள்ளே நுழையவும் மின்விசிறி நின்றது.

"கரண்டு போச்சு" என்றார் ரபீக், மழை வந்தது என்கிற மாதிரி.

"எப்ப வரும் பாய்?"

"ரெண்டுக்கு வரணும். வந்தா வரும்."

பேச்சி நாற்காலியில் உட்காரவில்லை. வாசலில் நின்றுகொண்டு எதிர்க்கடையின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் பத்திரத்தை இன்னொரு தடவை வாசித்தார்.

"பயப்படாதீக" என்றார் ரபீக். "நான் விசாவுக்குன்னே மூணு செருப்புத் தேச்சவன். ஒரு தடவ எம் மூஞ்சியப் பாத்துட்டு, போட்டோவுல இருக்குறது நான் இல்லன்னான். நான்தான் சார் நானுன்னேன். அதுக்கு அத்தாட்சி கேட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. ரபீக்கே சிரித்துக்கொண்டார்.

இரண்டு ஐந்து. இரண்டு பத்து. எதிர்க்கடையில் விளக்கு எரிந்ததும் பேச்சி, "வந்துருச்சு!" என்று கத்திய கத்தில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லண்டன் எண் கிடைக்கவில்லை. ரபீக் மறுபடி போட்டார். கிடைக்கவில்லை. ஆறாவது தடவை இயந்திரம் கீச்சென்று கத்தியது. முதல் பக்கம் உள்ளே போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது, இருபத்தேழு பேர் இருந்த பக்கம், பாதியில் சுருண்டு நின்றது.

"தொடாதீக, தொடாதீக" என்று ரபீக் மூடியைத் திறந்து, கசங்கியதை விரல் நுனியால் இழுத்தார். கிழியவில்லை. மேஜைமேல் வைத்துப் புறங்கையால் நீவினார். சார் தன் கையிலிருந்த பேப்பரை அதன்மேல் வைத்துத் தேய்த்தார்.

இரண்டு முப்பத்தெட்டுக்குக் கடைசிப் பக்கம் போயிற்று. இரண்டு நாற்பத்தைந்துக்கு வக்கீலம்மா ஆபீஸிலிருந்து ஒருத்தி போனில் பேசினாள். ரபீக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் வந்துச்சாம். கையில எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடுறாகளாம்."

* * *

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை.

சௌந்தரபாண்டியன் சாரைத் திருச்சுழி பஸ் ஏற்றிவிடப் பார்த்தார்கள். "ரிசல்ட்டு தெரியாம நான் எதுக்குப் போக?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று பஸ் வந்து போயிற்று. நாலு மணிக்கு டீ குடித்தார்கள். நாலரைக்கு மறுபடி குடித்தார்கள்.

ஐந்து பத்துக்குப் போன் அடித்தது. ரபீக் ஒரு பொத்தானை அழுத்தினார். கடை முழுக்க அசோக்கின் குரல் கேட்டது.

"மச்சான்! மச்சான், இருக்கீகளா?"

"இருக்கேன் மாப்ள. சொல்லுங்க."

"ஏத்துக்கிட்டாங்க மச்சான். மனுவ ஏத்துக்கிட்டாங்க. கேக்காம முடிவெடுத்தது சரியில்லன்னு வாதாட எடமிருக்குன்னு ஜட்ஜு எழுதிட்டாரு."

வீரணன் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்தப் பக்கத்தப் பாத்தாரு மச்சான். ரொம்ப நேரம் பாத்தாரு. 'ஜூன் ஒண்ணாந்தேதி அந்த ஊரு மருத்துவச்சி பாடு திண்டாட்டமா இருந்திருக்கும்'னாரு. கோர்ட்டே சிரிச்சுருச்சு. அவங்க பக்கத்து வக்கீலும் சிரிச்சிட்டாரு."

சார் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சிரிச்சிட்டு அந்த வக்கீல் எந்திரிச்சு, கேஸ இழுக்க வேணாம், பழைய முடிவ எடுத்துடுறோம், மறுபடி கூப்புட்டு மொறையா விசாரிக்கிறோம்னு சொல்லிட்டாரு. திங்கக்கெழம காலையில பத்து மணி. மெட்ராஸ். அதுவரைக்கும் கேசு கோர்ட்டுல அப்படியே இருக்கும். இந்தத் தடவ என்ன எழுதுனாலும் ஜட்ஜு பாப்பாருன்னு அவங்களுக்குத் தெரியும்."

"செல்வி எங்க மாப்ள?"

"இன்னைக்கு மிஷின்ல இருக்கா. போயித்தான் சொல்லணும். காலையில போறப்ப, 'அண்ணன் சாப்பிட்டுச்சான்னு மறக்காமக் கேளுங்க'ன்னா."

வீரணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பேச்சிதான் பதில் சொன்னாள். "சாப்பிட்டாகன்னு சொல்லுங்கண்ணே."

சாப்பிடவில்லை.

"அக்கா, நீங்களும் இருக்கீகளா? நல்லதாப் போச்சு. திங்கக்கெழம நீங்களும் போகணும். ஒங்களத் தனியா ஒக்கார வச்சுக் கேப்பாங்களாம்."

"என்னையவா? என்னையென்ன கேக்க இருக்கு?"

"ஒங்க வீட்டுக்காரர் இதக் குடுக்குறதுல ஒங்களுக்கு மனசாரச் சம்மதமான்னு. வெல பேசிக் குடுக்கலன்னு உறுதியாத் தெரியணும்ல, அதுக்குத்தான். சும்மா ஒரு வார்த்தை. சரின்னு சொன்னாப் போதும்."

பேச்சி முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். லைன் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அறுந்துபோயிற்று.

* * *

சாரைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "திங்கக்கெழம கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லாதடா. எல்லாத்தையும் சொல்லு" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

பந்தல்குடி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்கள். வெயில் இறங்கிவிட்டது. காற்று மட்டும் அடங்கவில்லை. வீரணன் நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கையை வீசி நடந்தான்.

"ஒன் மூளைதேன் பேச்சி இன்னைக்கு. அந்தத் துண்டுப் பேப்பரு மட்டும் இல்லன்னா..."

அவள் பதில் சொல்லாமல் வந்தாள். பத்தடி போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"திங்கக்கெழம அந்த ஆபீசரு கேட்டா என்ன சொல்லுவ?"

"அவரு கேக்கட்டும். கேக்கத்தான கூப்புடுறாரு."

"அதான், என்ன சொல்லுவ?"

பேச்சி நின்றாள்.

"மாமா, கேக்காம முடிவெழுதிட்டாகன்னுதான லண்டன் வரைக்கும் கேசு போட்டீக?"

"ஆமா."

"நீங்க என்னையக் கேட்டீகளா?"

தூத்துக்குடி லாரி ஒன்று அவர்களை உரசுகிற மாதிரி போனது.

"நாலு மாசம். டாக்டருகிட்டச் சொன்னீக. மாப்ளகிட்டச் சொன்னீக. டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, 'குடுக்குறேன்னு சொல்லிட்டேன்'னு எங்கிட்டச் சொன்னீக. அன்னைக்கும் கேக்கல, அதுக்கப்பறமும் கேக்கல. மூட்டை தூக்க முடியாதவரு வீட்டுல ஒல எப்படிக் கொதிக்கும்னு நான் கரிமூட்டத்துல நின்னு தனியாத்தேன் யோசிச்சேன்."

"செல்வி செத்துப் போயிருவா பேச்சி..."

"செல்வி சாகணும்னு நான் சொன்னேனா? காலையில இருந்து யாரு ஓடுனது?"

விசா ஆபீஸில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகம் அவன் நினைவில் வந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். அவசரம், பதில் தெரியும் என்கிற நினைப்பு. அவ்வளவுதான்.

"சரி" என்றான். "இப்பக் கேக்குறேன்."

"நடுரோட்டுலயா?"

பந்தல்குடி பஸ் உறுமிக்கொண்டு நின்றிருந்தது. பேச்சி முன்னால் போய் ஏறினாள். இரண்டு பேர் உட்காரும் இருக்கையாகப் பார்த்து, ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டு உட்கார்ந்தாள். அவன் வந்து உட்கார்ந்ததும் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஊருக்கு அரை மணி நேரம் இருக்கு. மூணு மாசத்துக்கு அப்பறம் என்னன்னு காலையில கேட்டேன், வெளிய பாத்தீக. அதுல இருந்து ஆரம்பிங்க. பதில் சொல்லுங்க, கேளுங்க. அப்பறம் நான் சொல்றேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். வீரணன் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.